ஆண்டவருக்கு ஒதுக்கிய மேடு

தனக்கென்று ஒன்றும் கேளாமல், பிறருக்காகவே கேட்டு, ஏச்சை மட்டும் தன் பங்காகப் பெற்றுக்கொள்ளும் தொழில் உலகில் ஒன்று உண்டென்றால், அது சபையின் மிஷனெரிக் காணிக்கைச் செயலாளர் பதவிதான். ஆராதனை முடிந்ததும் வாசலில் காணிக்கைப் பையோடு நின்று, அன்பான சகோதரர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கரைந்து போவதைக் கண்ணால் கண்ட அன்பர்களே, உங்கள் துயரம் எனக்குத் தெரியும். வலங்கைமானுக்கு அருகே எங்கள் சபையில் சென்ற ஆண்டு நிகழ்ந்தவற்றை உங்கள் ஆறுதலுக்காக எழுதுகிறேன்.

நல்ல தமிழும் காலி வாசலும்

மலைநாட்டில் எங்கள் மிஷனெரியான எஸ்தர் அம்மாள் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி நடத்துகிறார். அதற்கு அரிசி கொடுத்துவந்த புண்ணியவான் காலமாகிவிட்டார். மாசி முடிவதற்குள் ஓராண்டுக்கான அரிசி சேராவிட்டால் விடுதியை மூடிப் பிள்ளைகளைக் காட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும் என்று அவர் தொலைபேசியில் சொன்னபோது, நான் துணிந்து வாக்குக் கொடுத்தேன். நெல் விளையும் காவிரிக் கரையில் பிறந்தவன் ஒரு லாரி அரிசிக்கு அஞ்சலாமா?

மறு ஞாயிறு ஆலயத்தில் அறிவிப்புச் செய்தேன். இளமை முதல் பழைய பக்திப் பாடல்களில் ஊறியவன் ஆதலால், மன்னா பொழிந்த வனாந்தரத்தில் தொடங்கி, கோதுமை மணியின் தியாகத்தை விரித்து, பரம கானானின் செழிப்பில் வந்து முடித்தேன். சிலர் கண்களை மூடிக் கேட்டார்கள்; உருகினார்கள் என்றே எண்ணினேன். வாசலில் பையோடு நின்றேன். பை நான் பிடித்தபடியே தொங்கியது. மாதர் சங்கத் தலைவி ரூபி அம்மாள் மட்டும் அருகே வந்து, அவருக்கே உரிய அன்போடு கேட்டார்: "ஐயா, உங்க தமிழ் தேனா இருந்துச்சு. ஆனா பிள்ளைங்களுக்கு அரிசி வேணும்னு சொன்னீங்களே, அது எந்த இடத்துல வந்துச்சு?"

ஒரே சாக்கு

பேச்சைக் கைவிட்டுச் செயலில் இறங்கினேன். நம் சபைகளில் முன்பு வழங்கிய பிடியரிசிக் காணிக்கையை மீண்டும் தொடங்கினோம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைக்க வேண்டும். வீட்டுக்கு வீடு ஒரு டப்பா கொடுத்தோம். இம்முறை சபையார் என்னை ஏமாற்றவில்லை. டப்பாக்கள் நிறைந்து வந்தன. வீடு வீடாகச் சென்று, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி, வாய் கட்டி, ஆலயத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது என் நெஞ்சு நிமிர்ந்தது.

ரூபி அம்மாள் சாக்கை அவிழ்த்து, கை நிறைய அள்ளிப் பார்த்தார். புழுங்கல், பச்சை, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, யாரோ வெளிநாட்டுப் பிள்ளையின் வீட்டுப் பாசுமதி. ஒன்று வேகும்முன் மற்றொன்று குழையும். உலகில் எந்த உலையிலும் அது சோறாகாது. மாதர் சங்கம் முழுவதும் கூடி நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க மாட்டேன். ஆயினும் அவர்கள் தோற்கிறவர்கள் அல்லர். அந்தச் சாக்கு அரிசியை உளுந்தோடு ஊறவைத்து அரைத்தார்கள். ஆராதனைக்குப் பின் ஆலய வளாகத்தில் தோசைக் கல் ஏறியது. தோசை வேண்டுவோர் வீட்டிலிருந்து புழுங்கலரிசி, அதுவும் புழுங்கலரிசி மட்டுமே, கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். பக்கவாட்டுக் கதவு வழியே போனவர்கள் எல்லாம் பாத்திரத்தோடு முன்வாசல் வழியே திரும்பி வந்தார்கள். அன்று சேர்ந்த தூய அரிசியைக் கண்டு நான் கர்த்தரைத் துதித்துக்கொண்டிருக்க, ரூபி அம்மாள் தோசையைத் திருப்பியபடியே சொன்னார்: "துதிக்கிறது இருக்கட்டும்ங்க. பச்சரிசியையும் புழுங்கலையும் ஒண்ணாக் கொட்டினீங்களே, நெசமாவே நீங்க தஞ்சாவூர் ஜில்லாவிலதான் பொறந்தீங்களா?"

நீர் ஏறாத மூலை

தோசையால் ஒரு லாரி நிறையாது. ஆகவே சம்பா நடவின்போது, நிலமுள்ளவர்கள் தத்தம் வயலில் ஒரு மூலையை ஆண்டவருக்கென்று ஒதுக்க வேண்டும், அதில் விளைவது முழுவதும் விடுதிக்கு என்று கேட்டுக்கொண்டேன். எல்லோரும் ஒதுக்கினார்கள். ஆண்டவருக்கு வாய்த்த நிலங்களைச் சுற்றிப் பார்த்தேன். ஒருவர் புளியமரத்து நிழலைக் கொடுத்திருந்தார். மற்றொருவர் வாய்க்கால் உடைப்பெடுக்கும் இடத்தைக் கொடுத்திருந்தார்.

எல்லாருக்கும் மேலாக நின்றவர் சபையின் மூத்த விவசாயி தேவசகாயம். அவருடைய வயல் முழுவதும் நல்ல பள்ள நிலம். குடமுருட்டி ஆற்றுத் தண்ணீர் தானே வந்து பாயும். ஒரு கோடியில் மட்டும் ஒரு மேடு உண்டு. எந்தக் காலத்திலும் அதில் நீர் ஏறியதில்லை. நெல்லும் வைக்கோலாகவே விளையும். அந்த மேட்டில் ஒரு சிறிய சிலுவைக் குச்சியை நட்டு ஆண்டவருக்கு அர்ப்பணித்திருந்தார். வரப்புக்கு அப்பால் இருந்த பக்கத்து வயல்காரர் கோவிந்தராஜன் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். தேவசகாயம் சற்றும் அசையாமல் எனக்கு விளக்கம் சொன்னார்: "ஐயா, எனக்குன்னா தண்ணி வேணும். ஆண்டவருக்கு முடியாததுன்னு ஏதாச்சும் இருக்கா?"

மழைக்குப் பின்

பொங்கலுக்கு முன், கதிர் முற்றிய வேளையில், மழை பிடித்துக்கொண்டது. வடிகால்கள் நிரம்பி எதிர்த்து வந்தன. வானம் வெளுத்தபின் போய்ப் பார்த்தால், பள்ள வயல்களில் கதிர்கள் சாய்ந்து, நின்ற நீரிலேயே முளைவிட்டிருந்தன. தேவசகாயத்தின் வயலிலும் பெரும்பகுதி அப்படித்தான் கிடந்தது. ஆனால் கோடியில் இருந்த மேடு? அவ்வாண்டு பெய்த மழையெல்லாம் குடித்து, வெள்ளம் தொடாமல், பொன் நிறத்தில் தலை சாய்த்து நின்றது. நடுவே சிலுவைக் குச்சி.

கோவிந்தராஜன் இம்முறை சிரிக்கவில்லை. "உங்க சாமிக்கு விவசாயம் தெரிஞ்சிருக்குங்க" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கோ மனம் கேட்கவில்லை. நட்டத்தில் நிற்கும் மனிதரிடமிருந்து எஞ்சிய நல்ல நெல்லையும் வாங்குவதா? தேவசகாயத்தின் வீட்டுக்குச் சென்று, அந்த வாக்கிலிருந்து அவரை விடுவிப்பதாகச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி செல்வமணி அரிவாளை எடுத்து அவர் கையில் கொடுத்து, "மலையில பிள்ளைங்க தட்டோட உக்காந்திருக்கு. எழுந்திரிங்க" என்றார்.

ஈரத்தில் அறுவடை இயந்திரம் இறங்கவில்லை. சபையே அரிவாளோடு இறங்கியது; கோவிந்தராஜனும் தம் ஆட்களோடு வரப்பைத் தாண்டி வந்தார். முதல் நெற்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு தேவசகாயம் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அழுகையும் சிரிப்பும் ஒருங்கே நின்றன. "மேட்டை அவருக்குக் குடுத்துட்டுப் பள்ளத்தை நான் வெச்சுக்கிட்டேன் ஐயா. வசமா மாட்டிக்கிட்டேன்."

ஊர் சுற்றிய பூசணிக்காய்

மேட்டு நெல் வந்து சேர்ந்ததைக் கண்டதும் மற்றவர்களுக்கும் வெட்கம் வந்து, தங்களுக்குத் தேறிய நெல்லில் ஒரு பங்கு கொடுத்தார்கள். ஆயினும் லாரி நிறையவில்லை. மாசியில் அறுப்பின் பண்டிகை; காணிக்கையாக வரும் விளைபொருள்களை அன்று ஏலம் விடுவோம். எங்கள் பண்டிகை ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு: ஏலம் எடுத்தவர் விரும்பினால் பொருளை ஆலயத்துக்கே திருப்பிக் கொடுக்கலாம், அதை மறுபடியும் ஏலம் விடுவார்கள். இவ்வாண்டு ரூபாயில் கேட்கக் கூடாது, அரிசி மூட்டையில்தான் கேட்க வேண்டும் என்று அறிவித்தேன். நிலம் இல்லாதவர்கள் கடையில் வாங்கித் தரலாம்.

வாழைத்தாரும் சேவலும் போனபின், செல்வமணி தம் வீட்டுக் கூரையில் காய்த்த பூசணிக்காயைக் கொண்டுவந்து வைத்தார். வயலில் ஒன்றும் இல்லாத வீட்டின் காணிக்கை அது என்று எல்லாருக்கும் தெரியும். முதலில் எடுத்தவர் மூட்டைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, காயைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தார். அடுத்தவரும் அவ்வாறே செய்தார். துபாயில் இருக்கும் கணவரைப் போனில் வைத்துக்கொண்டு ஒரு பெண், "இன்னும் ஒரு மூட்டை ஏத்தச் சொல்றாங்க!" என்று கூவினார். காய் கைமாறிக்கொண்டே இருந்தது. மேளம் அடிப்பவர் மேளத்தை வைத்துவிட்டு ஏலம் கேட்டார். போதகர் ஐயாவும் கேட்டார். விருந்தாளியாக வந்திருந்த கோவிந்தராஜன் காயை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். எல்லாருடைய கண்களும் தம்மைத் தொடர்வதை உணர்ந்து திரும்பி வந்தார், மறுபடியும் எடுத்தார், மறுபடியும் திருப்பினார். கடைசியில் ஆலயம் அதிர ஒரு கேள்வி கேட்டார்: "ஏங்க, நானும் எடுத்துக்கிட்டேதான் இருக்கேன். இந்தக் காயை ஒரு தடவையாச்சும் வீட்டுக்குக் கொண்டுபோக விடுவீங்களா, மாட்டீங்களா?"

மலையிலிருந்து வந்த அழைப்பு

லாரி நிறைந்தது. அவித்து அரைத்த நெல்லும் பெயர் கொடுத்த மூட்டைகளும் ஒன்றுவிடாமல் ஏறின. தார்ப்பாய் போடும்முன் ரூபி அம்மாள் சாக்கு சாக்காகக் கைவிட்டுப் பார்த்து, பச்சரிசி கலக்கவில்லை என்று உறுதி செய்தபின்பே ஓட்டுநருக்கு உத்தரவு கொடுத்தார். போதகர் ஐயா ஜெபித்தார். லாரி குடமுருட்டிப் பாலத்தைத் தாண்டும்வரை ஒருவரும் கலையவில்லை. பக்கவாட்டுக் கதவைப் பயன்படுத்தியவர் அன்று ஒருவரும் இல்லை.

மறுநாள் எஸ்தர் அம்மாள் அழைத்தார். நான் ஒலிபெருக்கியில் போட, எல்லாரும் சூழ்ந்து நின்றோம். பின்னணியில் பிள்ளைகளின் கூச்சல்; தட்டுகளின் ஓசை. விடுதியை இனி மூட வேண்டியதில்லை என்று சொன்னார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஐயத்தோடு கேட்டார்: "ஐயா, அரிசி பூராவும் வந்து சேந்துருச்சு. ஆனா டிரைவர் பக்கத்து சீட்டுல மாலை போட்டு ஒரு பூசணிக்காய் உக்காந்து வந்திருக்கே, அதை நாங்க சமைக்கலாமா, இல்ல திருப்பி அனுப்பணுமா?"

இந்த ஆண்டுச் சம்பாவுக்கோ எங்கள் சபையார் அனைவரும் மேட்டைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, நீர் தானே பாயும் நல்ல பள்ள நிலங்களையே ஆண்டவருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதால், மனந்திரும்புதல் எந்த வாசல் வழியாக வந்தாலும் அதை வரவேற்பதே காணிக்கைச் செயலாளருக்கு அழகு என்று நான் வாய்மூடி இருக்கிறேன்.