ஹார்லன் பார்த்துச் சொன்ன கடைசி வண்டி

பழைய பிக்கப் வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் முகத்தைப் பார்ப்பார்கள், பெயின்ட் மினுங்குகிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். ஹார்லன் டட்டில் அந்தப் பக்கமே போகமாட்டார். ஓட்ஸ் மூட்டைச் சாக்கு ஒன்றைத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து, நேராக வண்டியின் அடிவயிற்றுக்குள் நுழைந்துவிடுவார். துரு எங்கே, ஒட்டுப் போட்டது எங்கே, டிரெய்லர் கொக்கியை மாட்டிய போல்ட்டில் எது பொய் சொல்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும் என்பார்.

பிக்ஹார்ன் மலையடிவாரத்தில் குதிரைகளை ஏற்றும் டிரெய்லரை இழுக்க வண்டி தேடுகிற யாரும் அவரை அழைத்துப் போகாமல் வாங்கியதில்லை. கூலி ஒரு துண்டு செர்ரிப் பழப் பலகாரமும் ஒரு கோப்பைக் காப்பியும். படுப்பதற்கு முன் ஒரே கேள்வி கேட்பார். "எதை இழுக்கப் போறே?" அதற்குப் பதில் வராமல் சாக்கை விரிக்கமாட்டார். ரெண்டு குதிரைக்கு ஒரு வண்டி, நாலு குதிரைக்கு வேறு வண்டி, மலைக்கு என்றால் அது தனிக்கதை. இழுப்பதற்கு எந்த இன்ஜினும் போதும், இறக்கத்தில் நிறுத்துவதற்குத்தான் வண்டி வேண்டும் என்பது அவர் கட்சி.

கடைசிச் சோதனை இன்னும் வேடிக்கை. வாங்குகிறவரை ஓட்டச் சொல்லிவிட்டு, இவர் டிரெய்லருக்குள் ஏறிக் குதிரைகளோடு குதிரையாக நின்றுகொள்வார். பிரேக் போட்டால் குதிரைக்கு எப்படி இருக்கிறது என்று குதிரை வந்து சொல்லாதே. இது சட்டப்படி குற்றம் என்று ஷெரிஃப் ரெண்டு தடவை கண்டித்தார். மூன்றாம் தடவை தனக்கே ஒரு வண்டி பார்த்துத் தரச் சொல்லி வந்தார், அதோடு வாயை மூடிக்கொண்டார்.

அந்த ஹார்லனுக்கு நினைவு நழுவ ஆரம்பித்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு பாதைகள். இந்த வசந்தத்தில் வீட்டு பிக்கப்பைப் பள்ளத்தில் இறக்கி அதன் கதையை முடித்தார். கோடையில் மேய்ச்சல் நிலத்துக் கதவைத் திறந்தவர் மூடவில்லை. மில்லி என்ற கிழட்டுப் பெண்குதிரை நெடுஞ்சாலைக்கே போய்விட்டது. எண்ணெய் லாரிக்காரன் நிறுத்தியது அவன் புண்ணியம். அன்றைக்கே அவர் மனைவி வெல்மா முடிவெடுத்தாள். பனி விழுவதற்குள் மில்லியையும், பக் என்ற மற்றக் குதிரையையும் விற்றுவிட வேண்டும். ஒரு ஆளைக் காவல் காக்கவே அவளுக்குப் பொழுது போதவில்லை.

அடுத்த பண்ணை டெல்பர்ட், அவற்றைத் தன் வண்டியில் ஏற்றிப் போய் ஏலச் சந்தையில் விட்டுவருவதாகச் சொன்னான். வெல்மா மறுத்தாள். குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி போகவர எப்படியும் ஒரு வண்டி வேண்டும், அதை இப்போதே வாங்கிவிடலாம் என்றாள். சொல்லாமல் விட்டது வேறு. ஊருக்கெல்லாம் வண்டி பார்த்துக் கொடுத்த மனிதரின் குதிரைகள், அவர் பார்த்துச் சரி என்று சொல்லாத வண்டியின் பின்னால் போவதாவது!

ஆனால் அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் அவர் கேள்வியைக் கேட்டார். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. நாலு குதிரை, மலைக்கு, வேட்டை முகாமுக்கு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவள் கைக்கு எட்டியவை எல்லாம் சின்ன பிக்கப்புகள். அவர் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "நாலு குதிரையோட இதுல மலையிலேர்ந்து இறங்குறவன் உயில எழுதி வெச்சுட்டுப் போகட்டும்" என்பார். மூன்று வண்டிகள் அப்படியே திரும்பிப் போயின. அவள் சொன்ன பொய்க்கு அவர் சரியான பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் ஆஸ்பென் மரத்து இலைகள் மஞ்சளாகிவிட்டன.

டெல்பர்ட் தன் மகன் விற்கவிருந்த பழைய பிக்கப்பை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். வெல்மாவின் டிரெய்லரை மாட்டினார்கள், குதிரைகளை ஏற்றினார்கள். ஹார்லன் சாக்கோடு வந்தார். "எதை இழுக்கப் போறே?"

"ரெண்டு குதிரை," என்றாள் வெல்மா. "ஏலச் சந்தை வரைக்கும். ஒரே ஒரு தடவை."

"திரும்பி வரும்போது?"

"காலியா."

அவர் டிரெய்லர் பக்கம் பார்த்தார். "யாரோட குதிரைங்க?"

டெல்பர்ட் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டான். வெல்மாதான் சொன்னாள், "ஒரு கிழவனோடது. அவனால இனிமே பாத்துக்க முடியல."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பாவம். சொல்லிக்கில்லி வெச்சிடாதே, தூக்கம் போயிரும் அவனுக்கு," என்றார் ஹார்லன். சாக்கை விரித்துப் படுத்தார்.

வெகுநேரம் அடியிலேயே கிடந்தார். வெளியே வந்து, ரெண்டு குதிரைக்கு இது தாங்கும், ஆனால் இறக்கத்தில் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றார். சொல்லிக்கொண்டே டிரெய்லருக்குள் ஏறினார். டெல்பர்ட் தடுக்கப் போனான். "விடு, டெல்பர்ட்," என்றாள் வெல்மா.

வீட்டிலிருந்து ஓடைப் பாலம் வரைக்கும் நல்ல இறக்கம். வெல்மா கால்விரல் நுனியால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறக்கினாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கப் பயந்து துடைக்காமலே ஓட்டினாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய மொத்த வாழ்க்கையும் நின்றுகொண்டு வந்தது. அதில் ஒன்றுகூடத் தடுமாறக் கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் அவள் மனதில் இல்லை.

பாலத்தருகே நிறுத்தி டிரெய்லரின் பின்கதவைத் திறந்தாள். ஹார்லன் மில்லியின் கழுத்தில் கைபோட்டு நின்றிருந்தார். மில்லி அவர் தோளில் மூக்கை வைத்திருந்தது, குட்டியாக இருந்தபோது வைத்த அதே இடம்.

"நல்ல வண்டி. ஒரு காலு நகரல இதுங்களுக்கு. வாங்கிக்கலாம்னு சொல்லிரு," என்றார். பிறகு மில்லியின் நெற்றியைத் தடவியபடி, "இவ பேரு என்ன?" என்று கேட்டார்.

"மில்லி."

"மில்லி," என்று அவர் சொல்லிப் பார்த்தார். "இப்படி ஒட்டிக்குது. இதைப் போய் குடுக்க அந்தக் கிழவனுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ."

வெல்மா கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.