வசனத்தில் இல்லாத கேள்வி

எனக்கு ஆங்கிலம் பேச வராது. பதினேழு ஆண்டுகளாக ஆவடியில் ஒரு பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை!

படிப்பேன், எழுதுவேன், இலக்கணம் தடுமாறாமல் நடத்துவேன். ஆனால் எதிரே ஒருவர் நின்று, எதிர்பாராத ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டால்... நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை மறைக்கத்தான் நாடகத்தைப் பிடித்துக்கொண்டேன்.

காய்கறிக் கடை, ரயில் நிலையம், மருத்துவமனை... எந்தப் பாடத்தையும் காட்சியாக்கிவிடுவேன். வீட்டில் அகராதியோடு உட்கார்ந்து வசனம் எழுதுவேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள்; நானும் செய்வேன். "நாடகம் போட்டே பசங்கள இங்கிலீஷ் பேச வெச்சுட்டாங்க" என்று தலைமையாசிரியர் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். பேசியது யார்? என் தாள் அல்லவா பேசியது!

ஆறேழு ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பில் மெர்சி என்றொரு பெண். பருத்திப்பட்டிலிருந்து வருவாள். அம்மாவுக்குத் துணி கம்பெனியில் தையல் வேலை. ஆண்டு விழா ஒத்திகையில் அவள் காய்கறிக்காரி. நான் தக்காளி வாங்க வந்தவள். திடீரென்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில், "தினமும் தக்காளிதானா மேடம்? வேறு சமையலே தெரியாதா?" என்று கேட்டாள்.

வசனத்தில் இல்லாத கேள்வி! அந்த நொடியில் அவளாகவே உண்டாக்கிய ஆங்கிலம். எந்த ஆசிரியையும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருப்பாள்...

எனக்குப் பதில் வரவில்லை. வகுப்பே என் வாயைப் பார்த்தது. "தப்புத் தப்பா உளறாதே! எழுதிக் குடுத்ததை மட்டும் பேசு!" என்று கத்தினேன். அவள் பேசியதில் ஒரு பிழைகூட இல்லை.

மறுநாளே அவள் வேடத்தை வேறொருத்திக்குக் கொடுத்து, அவளைத் திரை இழுக்கச் சொன்னேன். விழாவன்று, மகள் பேசுவதைக் கேட்க அரைநாள் லீவு போட்டு வந்த அவள் அம்மா, கடைசிவரை மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் மெர்சி என் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் "மிஸ்!" என்று ஒரு குரல். மெர்சிதான்! பக்கத்துத் துணிக்கடையில் பில் போடுகிறாளாம்.

"நல்லா கீறேன் மிஸ். பன்னெண்டாவதோட நிறுத்திட்டேன். நமக்குத்தான் இங்கிலீஷ் வராதே!" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை எப்படித் தாங்குவது, நீங்களே சொல்லுங்கள்!

"உனக்கு வரும் மெர்சி. அன்னிக்கு நீ பேசினது சரி. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியல. எனக்கு இங்கிலீஷ் பேச வராதும்மா" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. "இன்னா மிஸ் சொல்றீங்க? இத்தினி வருசமா நான்தான் தப்பா பேசிட்டேன்னு நெனச்சிகினு கீறேன்..." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல மிஸ்?"

அவளுடைய பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் வகுப்பில் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன். "எனக்கும் பேச வராது. சேர்ந்து கத்துக்கலாம். என்ன வேணா கேளுங்க" என்றேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒருத்தி ஆங்கிலத்தில் கேட்டாள். என் பதிலில் இரண்டு பிழைகள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அப்பாடா! பதினேழு ஆண்டுகளாக அடைபட்டிருந்த மூச்சு... எவ்வளவு இலேசாக இருந்தது தெரியுமா! இப்போது தினமும் காட்சி போடுகிறோம், வசனமே இல்லாமல். நன்றாக உறங்குகிறேன்.

ஆனால் என்னைப் பாராட்டிவிடாதீர்கள். விடுதலை எனக்குத்தான் கிடைத்தது...

போன சனிக்கிழமை மெர்சியின் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவர், சட்டையை மாற்றித் தருவீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மெர்சி என்னைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் ஒன்றும் பேசாமல், பக்கத்து கவுண்டரைக் கைகாட்டினாள்.