கிணற்றில் ஏறிய உப்பு

எங்கள் மகள் காய்ச்சலில் போனபோது அவளுக்கு ஒரு வயது நிறையவில்லை. அதற்குப் பிறகு என் கணவர் கல்லூரியிலிருந்து வந்ததும் நேரே கொல்லைப்பக்கம் போய்விடுவார். எங்களுக்குள் பேச்சே நின்றுபோயிருந்தது. அபிராமபுரத்தில் வாடகை வீடு. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு கிணற்றடியில் சிறிய சிமென்ட் குளம் ஒன்று கட்டினார். மூர் மார்க்கெட்டிலிருந்து தங்கமீன்கள் வாங்கி விட்டார். மறுநாள் காலை எல்லாம் செத்து மிதந்தன.

புதுச் சிமென்ட்டின் சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கியிருந்தது. கெமிஸ்ட்ரி சொல்லித்தருகிற தனக்கு அது தோன்றவில்லையே என்று நொந்துகொண்டார். வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவிட்டார். இறைத்தார், நிரப்பினார், மறுபடி இறைத்தார். ஒவ்வொரு தடவையும் சிவப்பு லிட்மஸ் தாளை முக்கிப் பார்ப்பார். அது நீலமானால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒருநாள் தாள் சிவப்பாகவே இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அடுத்து விட்ட மீன்கள் பிழைத்தன. சாயங்காலங்களில் நானும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். மீன்களைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வோம்.

மறுவருஷம் மழை பொய்த்தது. கிணறு வற்ற வற்ற உப்பு ஏறியது. வீட்டில் பருப்பு வேகவில்லை. உப்பை லிட்மஸ் காட்டாது என்று சொல்லி, கல்லூரியிலிருந்து சில்வர் நைட்ரேட் கொண்டுவந்து டம்ளர் தண்ணீரில் சொட்டினார். மோர் மாதிரி வெளுத்துப்போயிற்று. விடியற்காலையில் குழாயில் நூலாக வரும் தண்ணீரில் தன் குளியலுக்கானதைப் பிடித்து, குளோரின் போக வெயிலில் வைத்துக் குளத்தில் ஊற்றுவார். அது எந்த மூலைக்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செத்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, போறும். விட்டுடுங்கோ" என்றேன்.

அவர் குளத்துச் சுவரில் உட்கார்ந்தார். "டாக்டர் சொன்னதெல்லாம் பண்ணினோமே. நாம எதை விட்டோம்?"

அவளைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணையும் விடலை" என்றேன்.

குளத்தை மண் போட்டு மூடிவிட்டோம். எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. அதே கேள்வியை அவர் அப்புறமும் பல வருஷங்கள், சில சமயம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, கேட்பார். நானும் அதே பதிலைச் சொல்வேன். ஒருநாளும் அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை.