நிபோங் திபாலில் நிறைந்திருந்த வகுப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஜார்ஜ் டவுன் பினாங்குத் தெருவில் நின்றிருந்தேன். இன்னும் விடியவில்லை. இந்த ஊரில் ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியனுக்கு எழுந்திருக்க மனம் வருகிறது. தமிழ் முஸ்லிம் ஒருவரின் கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவும் தே தாரிக் என்கிற ஆற்றிய டீயும் சேர்த்து நான்கு வெள்ளி, அதாவது ரிங்கிட்.

"அக்கா இந்தியாவா?" என்றார் கடைக்காரர்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ரொட்டிக்கு சட்னி கேட்டீங்களே. இங்க உள்ளவங்க கறிதான் கேப்பாங்க லா."

சிவகங்கைப் பக்கத்தில் நான் வட்டாரக் கல்வி அலுவலர். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளைப் பார்வையிடுவதுதான் பிழைப்பு. அதிலிருந்து தப்பிக்கத்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு, கல்லூரி விடுதியில் என்னோடு இருந்த கஸ்தூரியின் வீட்டுக்கு வந்தேன். அவள் பினாங்குக்காரி. பாயான் பாருவில் வீடு, பக்கத்துத் தொழிற்பேட்டையில் பொறியாளர் வேலை. நண்பர்களோடு சேர்ந்து தமிழ்ப்பள்ளிகளுக்கு உதவும் சின்ன அறக்கட்டளை ஒன்றையும் நடத்துகிறாள். இந்த ஆண்டு ஒரு பள்ளிக்கு வேன் வாங்கித் தருவதாக முடிவு. இரண்டு பள்ளிகள் கேட்டிருந்தன. பணமோ ஒரு வேனுக்குத்தான்.

"ஸ்கூல் பாக்குறதுதானே ஒன் வேலை. சும்மா சாப்பிட்டுட்டுத் தூங்காம கூட வாடி" என்று இழுத்து வந்துவிட்டாள். விடுப்பிலும் விடாது போலிருக்கிறது என் ராசி.

என்னைச் சாப்பிட ஜார்ஜ் டவுனில் இறக்கிவிட்டுப் பெட்ரோல் போடப் போயிருந்தவள் திரும்பி வந்ததும், ஆறே முக்காலுக்கு அவள் காரில் கிளம்பினோம். பாத்து மாவுங்கிலிருந்து இரண்டாம் பாலம், இருபத்து நான்கு கிலோமீட்டர். பாதிப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் வெளுக்கத் தொடங்கியது. தீவை விட்டுப் போகும்போது கட்டணம் கிடையாது. திரும்பி வரும்போதுதான் ஏழு வெள்ளி பிடுங்குகிறார்கள்.

பாலத்தின் மேல் கஸ்தூரி கதையைச் சொன்னாள். ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. ஆனால் பள்ளி நிற்கும் நிலம் தோட்டக் கம்பெனியுடையது. அதனால் கட்டடத்துக்கும் வண்டிக்கும் பெற்றோர்கள்தான் ஊர் ஊராகக் கையேந்த வேண்டும். தோட்டத்தில் இப்போது செம்பனை என்கிற எண்ணெய்ப் பனையில் குலை வெட்டுபவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். தமிழ்க் குடும்பங்கள் நிபோங் திபால் டவுனில் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகளுக்குப் போய்விட்டன. பள்ளி மட்டும் செம்பனைக் காட்டுக்குள்ளேயே நிற்கிறது.

ஏழே முக்காலுக்கு பைராம் தோட்டத்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. தலைமையாசிரியை பரமேஸ்வரி வரவேற்றார். பக்கத்தில் பெற்றோர் சங்கத் தலைவர் செல்வம். பாத்து காவான் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலையை முடித்துவிட்டு நேரே வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன, தலையை மட்டும் படிய வாரியிருந்தார்.

ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு பெண்ணை வாசிக்கச் சொன்னேன். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் தண்ணீர் பட்ட பாடாக வாசித்தாள். எனக்கு வாயெல்லாம் பல். அடுத்தது முதலாம் ஆண்டு. வகுப்பு நிறைந்திருந்தது. எழுந்து நின்று வணக்கம் சொன்னபோது ஓடு பறந்துவிடும் போலிருந்தது.

நடுவில் ஒரு சிறுமி நிலைகொள்ளாமல் இருந்தாள். பெயர் யாழினி, செல்வத்தின் மகள். இவனுக்குப் பென்சில் கொடுத்தாள், அவளுக்கு ரிப்பன் கட்டிவிட்டாள், மூன்றாவது ஒருத்தியைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவள்கூட இப்படி ஓடமாட்டாள்.

ஆனால் வேலைப் பழக்கம் என்னை விடுமா? சட்டைகள் எல்லாம் தொளதொளவென்று இருந்தன. கால்சட்டைகளை இடுப்பில் மடித்து ஊக்குக் குத்தியிருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒருவன் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டே தூங்கிவிட்டான். முன்னால் இருந்தவனிடம் வயதைக் கேட்டேன். பெருமையாக நான்கு விரல்களைக் காட்டினான். இந்த நாட்டில் முதலாம் ஆண்டு தொடங்குவது ஏழு வயதில்.

வெளியே வந்ததும் கஸ்தூரி என் காதைக் கடித்தாள். அவள் எதையும் கவனிக்கவில்லை. "கிளாஸ் ஃபுல்லா இருக்குடி. இவங்களுக்கு வேன் எதுக்கு? அந்த இன்னொரு ஸ்கூலுக்கே கொடுத்திடலாம் லா."

நேரே செல்வத்திடம் போனேன். "தம்பி, மறைக்காம சொல்லுங்க. இதுல நெசமாவே முதலாம் ஆண்டு யாரு?"

அவர் தலைமையாசிரியையைப் பார்த்தார். "சொல்லிடுங்க செல்வம்" என்றார் பரமேஸ்வரி.

"எம்மவ மட்டும்தான்க்கா." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்தியாவுல இருந்து ஆபீசர் வந்து ஸ்கூலை எடை போடப் போறாங்கன்னு கேள்விப்பட்டோம். புள்ள கொறைஞ்சா லைசென்ஸைத் தூக்கி டவுனுக்கு மாத்தி, இந்த ஸ்கூலை மூடிடுவாங்களோன்னு பயம். அதான் தாமான்ல உள்ள கூட்டாளிங்க வூட்டுப் புள்ளைங்களை மோட்டர்ல ஏத்திட்டு வந்துட்டோம். சட்டையெல்லாம் பெரிய புள்ளைங்களோடது."

கஸ்தூரி தலையில் கைவைத்தாள். "ஐயோ தம்பி! புள்ளைங்க வர முடியாம தவிக்கிற ஸ்கூலுக்குத்தான் வேன். நீங்களே நிறைச்சு வச்சுட்டு நின்னா எப்படி லா?"

செல்வத்துக்கு முகம் வெளிறிவிட்டது.

"இந்தப் புள்ளைங்க வயசு வந்தா நெசமா இங்க சேருவாங்களா?" என்று கேட்டேன்.

"வேன் இருந்தா அனுப்புறோம்னுதான் சொல்றாங்க. மழையில மோட்டர்ல இந்தப் பாதை ரொம்ப சூசா, கஷ்டம்க்கா. வழுக்கி விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?"

பத்தரைக்கு அம்மாக்கள் வந்தார்கள். பெரிய சட்டைகள் கழற்றப்பட்டன, உள்ளே பொம்மை போட்ட பனியன்கள். மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. யாழினி ஒவ்வொருவருக்கும் கையசைத்தாள். கடைசி மோட்டார் செம்பனை மரங்களுக்குள் மறையும் வரை நின்றாள். அப்புறம் என்னிடம் வந்து சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், நாளைக்கும் வாங்க. நீங்க வந்தா அவங்களும் வருவாங்க."

அவள் தலையைத் தடவிவிட்டுக் காருக்கு நடந்தேன்.

பகல் பன்னிரண்டு மணிக்கு மறுபடி பாலம். கஸ்தூரி, "இவங்களுக்குத்தான் கேக்கப் போறேன். மத்தவங்க ஒத்துக்கணும். ஒத்துக்க வைக்கிறேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள்.

நான் கடலைப் பார்த்துக்கொண்டு ஊரை நினைத்தேன். என் வட்டாரத்திலும் ஒற்றைப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்புகள் உண்டு. அந்தத் தெருக்களில் வேன்களுக்குப் பஞ்சமில்லை. காலையில் மஞ்சள் மஞ்சளாக வந்து ஹாரன் அடித்து, பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அள்ளிக்கொண்டு போகின்றன. நான் போய் இறங்கினால் ஆசிரியர் நாற்காலி போடுவார், டீ வரும். பெற்றவர் ஒருவர்கூட எட்டிப் பார்க்க மாட்டார். அந்தப் பள்ளி மூடிவிடுமோ என்று பயந்து, நாலு வயதுப் பிள்ளைக்கு அண்ணன் சட்டையை மாட்டிக் கூட்டிவந்து என்னை ஏமாற்றப் பார்த்தவர் இதுவரை ஒருவருமில்லை. ஒருவராவது ஏமாற்ற மாட்டாரா என்று ஏக்கமாக இருந்தது.