அக்கா திருத்திய சூரியப் பாட்டு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், உப்பளத்துச் சொந்தங்களுக்கும், அக்காவின் பாட்டைக் கேட்டு ஒருமுறையாவது வானத்தை அண்ணாந்து பார்த்த எல்லோருக்கும் தம்பியின் வணக்கம்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். பின்சீட்டில் ஏறுகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வந்ததுதான் என் தமிழ். அதனால் பேசுகிற மாதிரிதான் எழுத வரும். அக்காவின் வாழ்க்கையைச் சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவரிடம் நான் சொன்ன ஒரு பொய்யையும் இங்கே இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் பாதிதான் எழுதியதாக இருக்கும்.

அக்கா மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய தெருவில், மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உப்பளத்தில் கூலி வேலை. அக்கா பன்னிரண்டாவது தேறிய வருடம் அப்பா தவறிவிட்டார். மறு வாரமே அக்கா கூடையை எடுத்துக்கொண்டு அம்மாவுடன் உப்பளத்துக்குப் போனார். நான்கு வருடம் உப்பு சுமந்தார். அப்போது வெடித்த குதிகால் கடைசி வரை ஆறவே இல்லை. பிறகு ஆரோவில் பக்கம் ஒரு பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. அங்கே ஒரு தொலைநோக்கி இருந்தது. அதைத் துடைத்து வைக்கும் வேலை அக்காவுக்கு வந்தது. ஒரு நாள் சாயங்காலம், அங்கிருந்த ஆசிரியை, "துடைச்சுக்கிட்டே இருக்கீங்களே, ஒரு தடவை பாருங்க" என்றாராம்.

அன்றைக்கு அக்கா பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"டேய், சனியைப் பார்த்துட்டேன்டா!"

"ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் அம்மா.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. நம்மளைப் புடிச்சு ஆட்டுதுன்னு சொல்றாங்களே, அது அங்கே வளையத்தை மாட்டிக்கிட்டு அது பாட்டுக்குச் சிவனேன்னு இருக்குது. நாம ஒருத்தர் இருக்கிறதே அதுக்குத் தெரியாதும்மா."

அன்றிலிருந்து இருபது வருடத்துக்கு மேல் இதுதான் அக்காவின் வேலை. பகலில் பள்ளிக்கூடம், லீவு நாளில் ஊர் ஊராக வானம். பள்ளியில் பழைய தொலைநோக்கியைக் கழித்தபோது கேட்டு வாங்கிக்கொண்டார். மாமா (அக்காவின் கணவர்) அதன் முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் வருவார். கீழ்புத்துப்பட்டு, இடையஞ்சாவடி என்று கோயில் திருவிழா, மாதா கோயில் திருவிழா எதையும் விடுவதில்லை. பெயரும் கணக்கும் சொன்னால் ஜனம் கொட்டாவி விடும் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் பாட்டாகக் கட்டினார். வானத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரம் இருக்கிறதே, அதை, தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நடக்கிற மூன்று பெண்கள் என்று பாடுவார். அவர்களுக்குப் பின்னால் பளிச்சென்று வருகிற நட்சத்திரம் மேஸ்திரி. "மேல போயும் இந்தாளு விடலையா?" என்று பெண்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் அந்த நட்சத்திரத்தை மறந்ததே கிடையாது.

அப்படிக் கட்டியதில் எல்லாவற்றையும்விடப் பரவியது சூரியப் பாட்டு. சூரியன் ஆறு மாதம் வடக்கே நகர்வதையும் ஆறு மாதம் தெற்கே நகர்வதையும் உப்பளத்துக்காரர்களுக்குக் காட்ட நினைத்தார். உப்புப் பாத்தித் தண்ணீரில் அதன் பிம்பம் விழும் இடத்தை ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்தால் போதும் என்று இதைக் கட்டினார்:

அண்ணாந்து பார்த்தா கண்ணு கூசுதா?
குனிஞ்சு பாரடி, கூச்சமே இல்லை.
நம்ம பாத்தியில குளிக்க வந்தான் சூரியன்,
நல்லாப் பாரடி, நாளும் நகருவான்.

உப்பு வாரும்போது இதைப் பாடாத பெண் எங்கள் அளத்தில் இல்லை. என் ஆட்டோவில் முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும்.

ஒரு மார்கழியில் சூரிய கிரகணம் வந்தது. சுனாமியில் கடல் ஊருக்குள் ஏறிய அதே தேதி. சொல்லவா வேண்டும்? "கடல் திரும்ப வருதாம்" என்று ஒருவர், "சூரியன் அணைஞ்சா தண்ணி எழும்புமாம்" என்று இன்னொருவர். பத்து நாள் அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார். கிரகணத்துக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை, வெளியே வாருங்கள், பாருங்கள் என்றார். பள்ளி மைதானத்தில் தொலைநோக்கி வைத்து வெள்ளைத் திரையில் காட்ட ஏற்பாடு. கிரகணக் கண்ணாடி இருபதுதான் கிடைத்தது.

அன்று காலை ஏழரை மணி. அக்காவையும் மாமாவையும் முக்காலியையும் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். உப்பளப் பாதை பிரியும் இடத்தில் அஞ்சலையம்மாள் தன் ஆட்களோடு நடந்துகொண்டிருந்தார். மழை ஓய்ந்து பாத்தி திருத்தும் வேலை. அஞ்சலையம்மாள்தான் அந்தப் பெண்களுக்கு முன்னால் நின்று வேலை வாங்குகிறவர். நாக்கு கொஞ்சம் நீளம்.

அக்கா தலையை வெளியே நீட்டி, "கண்ணாடி வாங்கிக்கிட்டுப் போ அஞ்சலை" என்றார்.

"எங்களுக்கு எதுக்குடி கண்ணாடி? உன் பாட்டுதான் இருக்குதே. பாத்தியெல்லாம் தண்ணி நெறஞ்சு நிக்குது. குனிஞ்சு பார்த்துக்கிறோம்."

பெண்கள் எல்லாம் சிரித்துக்கொண்டு ஒரே குரலாக அந்த நான்கு வரியைப் பாடிக்கொண்டே போனார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. கால் கிலோமீட்டர் போனதும், "வண்டியை நிறுத்துடா" என்றார்.

"தண்ணியில பார்த்தாலும் கண்ணு போயிடும்டா. கிரகணத்துல வெளிச்சம் கம்மியா இருக்கும், கூசாது, வெச்ச கண்ணு எடுக்காம பார்ப்பாளுங்க. மத்த நாள்ல ஒரு நொடி பார்த்துட்டுத் திரும்பிடுவாளுங்க. இன்னைக்குத் திரும்ப மாட்டாளுங்கடா. நான் பாடி வெச்சிருக்கேனே, நல்லாப் பாருன்னு!"

இத்தனை வருடம் அது அவருக்கே தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பயந்து கதவை அடைத்துக்கொண்டு வீட்டில் இருந்தவர்களின் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. அக்காவை நம்பி வெளியே வந்தவர்களின் கண்தான் போகப்போகிறது. நினைத்துப் பாருங்கள், அந்த நிமிடம் அவர் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்!

மாமா முக்காலியோடு மைதானத்துக்கு ஓடினார். கூடியிருக்கும் ஜனத்தை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் ஆட்டோவைத் திருப்பினேன். மழைச் சேற்றில் சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. அக்கா குதித்து இறங்கினார். "நீ வண்டியை எடுத்து ஹாரன் அடிச்சுக்கிட்டே ரோட்டோரமாப் போ. அந்தப் பக்கத்துப் பாத்தியில யாராவது இருந்தா தடுத்து நிறுத்து" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வரப்பில் ஓடினார். எட்டு மணி தாண்டிவிட்டது. மேலே மேகம் விலகுவதும் மூடுவதுமாக இருந்தது. மேகம் வரும்போதெல்லாம் எனக்கு மூச்சு வந்தது, விலகும்போதெல்லாம் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை அஞ்சலையம்மாளே எனக்குச் சொன்னார், ஒரு முறை இல்லை, நூறு முறை.

அக்கா இரண்டு முறை வழுக்கி விழுந்து, சேறும் சகதியுமாக அங்கே போய்ச் சேர்ந்தபோது பெண்கள் பாத்தியைச் சுற்றி வட்டமாக நின்றிருந்தார்களாம். "பாக்காதீங்கடி! பாக்காதீங்க!" என்று கத்தினாராம்.

அஞ்சலையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, அன்னைக்குப் பாருன்னு பாடினே. இன்னைக்குப் பாக்காதேங்கிற. எதை நாங்க நம்புறது? நீயும் கடைசியில கெரகணத்துக்குப் பயந்துட்டியா?"

"பாட்டு தப்புடி. நான் தப்பாக் கட்டிட்டேன்."

"இம்மா நாளு பாடினோமே, அப்போ தெரியலையா?"

"தெரியல. எனக்குப் புத்தி இல்ல. உன் கால்ல வேணும்னாலும் விழறேன், பாக்காதே."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேகம் விலகிவிட்டது. பாத்தியில், ஒரு ஓரம் கடிபட்ட சூரியன் பளிச்சென்று வந்து நின்றது. எல்லோர் தலையும் குனிந்தது. அக்கா இனிப் பேசிப் பயனில்லை என்று பாத்திக்குள் இறங்கிவிட்டார். வெடித்த குதிகாலோடு அந்த உப்புத் தண்ணீரில் இறங்கி, காலால் அடித்து அடித்துக் கலக்கினார். சூரியன் துண்டு துண்டாகச் சிதறி, சேற்றோடு சேர்ந்து காணாமல் போனது.

"அடுத்த பாத்தியையும் கலக்குங்கடி!"

அஞ்சலையம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "இவளுக்குப் பைத்தியம் புடிச்சாலும் நம்மளுக்காகத்தான்டி புடிக்கும்" என்று அடுத்த பாத்தியில் இறங்கினார். மண்வெட்டி வைத்திருந்தவள் மண்வெட்டியால், மற்றவர்கள் காலால். கண்ணுக்கெட்டிய பாத்தியெல்லாம் கலங்கிப் போனது. சூரியன் பாதிக்கு மேல் தேய்ந்த நேரம், வரப்பில் கவிழ்ந்து கிடந்த மூங்கில் கூடை ஒன்றை அக்கா எடுத்தார். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, கூடையைத் தலைக்கு மேலே பிடித்தார். அதன் பின்னல் சந்து வழியாக எதிரே விழுந்த வெளிச்சம் ஒவ்வொன்றும் ஒரு பிறை. அஞ்சலையம்மாள் வெள்ளை முந்தானையை விரித்துப் பிடித்தார். முந்தானை நிறையப் பிறை. அந்த இடத்திலேயே நின்று, கம்மிய குரலில் அக்கா பாட்டை மாற்றிக் கட்டினார்:

அண்ணாந்தும் பாக்காதே, குனிஞ்சும் பாக்காதே,
முதுகைக் காட்டடி, கூடையைத் தூக்கடி.
சந்துக்கு ஒரு பிறை, சேலைக்கு நூறு பிறை,
சூரியன் தேஞ்சாலும் உன் கண்ணு தேயாது.

இன்றைக்கு நம் அளத்தில் பாடுவது இந்தப் பாட்டுதான். அதன் பிறகு எந்த ஊரில் பேசப் போனாலும் அக்கா முதலில் தன் தப்பைத்தான் சொல்வார். "அழகாப் பாடிட்டா உண்மையாகிடாதுங்க. நானே அதுல விழுந்தேன்" என்று தொடங்குவார். கிரகணத்துக்கு மறுநாளிலிருந்து ஒரு மாதம் ஒவ்வொருவராகப் பார்த்து, "நீ பார்த்தியா? கண்ணுல ஏதாவது மறைக்குதா?" என்று கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள். என்னையும் கேட்டார். "இல்லக்கா" என்றேன்.

நான் பார்த்தேன்.

அன்று ரோட்டோரமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. வண்டியை நிறுத்தினேன். பக்கத்துப் பாத்தி கண்ணாடி மாதிரி கிடந்தது. அக்கா சொன்னது காதில் இருந்தது. அவர் பாட்டு அதற்கும் முன்னாலேயே எனக்குள் போய் உட்கார்ந்திருந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். கூசவே இல்லை. சாயங்காலம் காலண்டரில் தேதியைப் பார்த்தால் எண்ணின் நடுவில் ஒரு ஓட்டை. அது இன்றுவரை போகவில்லை. இனி போகாது, ஆனால் மற்ற கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவிக்கு மட்டும் தெரியும். அக்காவிடம் எப்படிச் சொல்வேன்? ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில்தான் அவர் திரும்பப் பாட ஆரம்பித்திருந்தார்.

சிறுநீரகம் கெட்டு அக்கா புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்தபோது, கடைசி வாரம் தன் பாட்டு நோட்டை வாசிக்கச் சொன்னார். கட்டிலின் வலப்பக்கம் நாற்காலி இருந்தது. அதில் உட்காரப் போனேன். "இந்தப் பக்கம் வந்து உக்காருடா. அப்பதான் ஜன்னல் வெளிச்சம் உன் இடது கண்ணுக்கு விழும்" என்றார். வெளிச்சம் என்று மட்டும்தான் அப்போது என் காதில் விழுந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். பழைய சூரியப் பாட்டைக் குறுக்கே அடித்திருந்தார். கீழே, கிரகணம் வந்த மாதத்துப் பாட்டுகளை எழுதிய அதே பச்சை மையில், இரண்டு வரி: "தம்பி பார்த்துவிட்டான். இல்லை என்கிறான். அவனாகச் சொல்லும்வரை நான் கேட்கக் கூடாது."

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்களுக்கும், கடைசி வரை முகம் சுளிக்காத நர்ஸ் அம்மாக்களுக்கும், தொலைநோக்கியை இன்னும் தோளில் சுமக்கும் மாமாவுக்கும், இறுதி ஊர்வலத்தில் கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த அஞ்சலையம்மாளுக்கும் அவர் ஆட்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கண்ணில் ஏதாவது மறைப்பதை அக்காவுக்காக என்னைப் போல ஒளித்து வைத்திருப்பவர் யாராவது இருந்தால், தயவுசெய்து டாக்டரிடம் காட்டுங்கள். அவர் கேட்டது அதற்காகத்தான்.

நீங்கள் கேட்காமலே காத்திருந்தீர்கள். நானாகச் சொல்கிறேன், அக்கா. பார்த்தேன்.