நான் விட்ட ஏழு நோன்புகள்

சென்ற ரமளானில் நான் மௌத்தின், அதாவது சாவின், வாசல்வரை போய்த் திரும்பினேன். வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் போனேன் என்பதுதான் வெட்கம்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது, வீடு பாலக்கரையில். மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பு இல்லை, விட்டதைப் பிறகு வைத்துக் களாச் செய்ய வேண்டும். அதனால் முப்பதையும் தொடர்ந்து வைத்ததே இல்லை. மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு வந்த முதல் ரமளான் அது. இந்த முறை ஒன்றுகூட விடமாட்டேன் என்று நாத்தனாரிடம் பெருமையடித்திருந்தேன். வாய் சும்மா இருக்குமா?

இருபதாம் நோன்பிலிருந்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. தாடை வலித்தது. திடீர் திடீரென்று வியர்த்தது. மாதவிடாய் நின்ற சூடு, வெறும் வயிற்று வாயு என்று நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். வெளியே சொன்னால் நோன்பை விடச் சொல்வார்களே. தொழுதுவிட்டு அழுவேன். யா அல்லாஹ், முப்பதையும் முழுமையாக்கித் தா என்பதே என் துஆ.

இருபத்து நான்காம் நோன்பு. மாலை அஸர் தொழுகைக்குப் பின் கஞ்சிக்கு இஞ்சி நறுக்கும்போது இடது கை மரத்தது. உடம்பெல்லாம் நனைந்து, தரையில் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் நஸ்ரின் ஓடி வந்தாள். மஃரிபு பாங்கு சொல்லி நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம்தான், அப்புறம் பார்க்கலாம் என்றேன். என்னை எதிர்த்துப் பேசாத பெண் அவள்.

"மாமி, முடியாதவங்களுக்கு அல்லாவே சலுகை குடுத்திருக்கான். வேணாம்னு சொல்ல நீங்க யாரு?"

ஆட்டோவில் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மாத்திரை கொடுத்தார்கள், நோன்பு முறிந்தது. உயிருக்கு அழவில்லை, நோன்புக்குத்தான் அழுதேன். மாரடைப்பு என்று அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இதயநோய் ஆபத்து கூடும், எல்லோருக்கும் நெஞ்சுவலியாகவே வராது என்று டாக்டரம்மா விளக்கினார். அன்று என் துஆவை அல்லாஹ் தள்ளிவிட்டான் என்றே நினைத்தேன்.

சகோதரிகளே, துஆ கேளுங்கள். ஆனால் வலியை மறைத்துக்கொண்டு கேட்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். அவன் உதவி என் மருமகளின் கோபமாக வந்தது.

மார்கழிக் குளிரில், டாக்டரம்மா சம்மதித்த பிறகு, விட்ட ஏழையும் ஒவ்வொன்றாக வைத்தேன். நஸ்ரினும் உடன் வைத்தாள். ஏழாம் நாள் மாலை பேரீச்சம்பழத்தை என் கையில் கொடுத்து மெதுவாகச் சொன்னாள்.

"முப்பது ஆச்சு மாமி."

அல்ஹம்துலில்லாஹ்.