3478-ஆம் வாசல்

கறுப்புத் திரையில் ஒரு வரியை அடித்துவிட்டு அர்செனியோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் தீவின் கமாகுவே நகரத்தில் மின்சாரம் எட்டிப் பார்த்ததும் மற்ற வீடுகளில் தண்ணீர் மோட்டாரைப் போடுவார்கள், அரிசியை ஏற்றுவார்கள். இவர் மட்டும் கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு சர்வரிடம், "வெளியிலிருந்து பார்த்தால் நான் எந்த முகவரியில் தெரிகிறேன்?" என்று கேட்பார். எண்களாகப் பதில் வரும். "இருக்கேன், இன்னும் இருக்கேன்" என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வார்.

தொலைபேசிக் கம்பி வேலையிலேயே காலம் தள்ளிய மனிதர். இப்போது எங்கள் தெருவில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட எல்லோரும் இவர் வீட்டு முன்னறையில்தான் அவர்களோடு பேசுகிறோம். எங்கள் ரவுட்டர்கள் உள்ளே இருப்பவரை வெளியே விடும், வெளியிலிருந்து தேடி வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடும். பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலும் இதே கதைதான். அதனால் இரண்டு பேருக்கும் பொதுவாக நடுவில் ஓர் இடம் வேண்டும். இவர் பேச்சை வாங்கி அவரிடம் கொடுக்க வேண்டும், அவர் பேச்சை வாங்கி இவரிடம் கொடுக்க வேண்டும். ஸ்பெயினில் இருக்கும் பழைய கூட்டாளி ஒருவர் அப்படி ஒரு சர்வரை ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறார். அதற்குள் நுழைய வேண்டிய வாசல் எண், கணினிக்காரர்கள் 'போர்ட்' என்பது, 3478. அதை அர்செனியோ கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். "பொண்டாட்டி பேரு மறந்தாலும் இது மறக்காது உங்களுக்கு" என்று நான் கிண்டல் செய்வேன்.

முகவரி தெரிந்ததும் அடுத்த சோதனை. இங்கிருந்து சின்னச் சின்னப் பொட்டலங்களாகச் செய்தி அனுப்புவார். அது ஸ்பெயின் வரை போய் இவரிடமே திரும்பி வரும். ஒன்றும் தொலையவில்லை என்று திரை சொன்னால் முகத்தில் ஒரு நிம்மதி.

"தானே பேசி தானே கேட்டுக்கிறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா அண்ணா?"

"நீ சும்மா இரு மிர்த்தா. பதில் வருதுல்ல, அதைப் பாரு."

எங்கள் ஊரில் எதற்கும் ஒரே காரணம்தான், பக்கத்து வல்லரசு எங்கள் தீவின் மேல் போட்ட பொருளாதாரத் தடை. ரொட்டியில் உப்பில்லையா, தடை. பேருந்து வரவில்லையா, தடை. என் வீட்டுக்காரர் முழங்கால் மடங்காததற்குக்கூட அதையே சொல்வார். பாதி நேரம் அது உண்மையும்தான், அதனால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. அர்செனியோவுக்கும் அந்த வார்த்தை நன்றாகவே கை கொடுத்தது.

அவருடைய ஒரே மகள் யாமிலா பிரேசிலில், குரிசிபா நகரத்தில் இருக்கிறாள். ஞாயிறு காலைகளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவளை அழைப்பார். மணி அடிக்கும். யாரும் எடுக்கமாட்டார்கள்.

"இங்கதான் அடிக்குது. அங்க அடிக்குதான்னு யார் கண்டா?" என்பார். "அவ வீட்டு ரவுட்டர் பொல்லாதது. இங்கேருந்து சோதிச்சா ஒண்ணும் புரியாது. அவ வீட்டுக்குள்ளேருந்து யாராவது சோதிக்கணும். தடை எங்கயோ இருக்கு."

தடை எங்கே இருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். அவள் பெட்டியோடு கிளம்பிய அன்று நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். அம்மாவைப் புதைத்து ஓராண்டுகூட ஆகவில்லை. அப்பாவைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "போ, புழுவே" என்றார். நாட்டை விட்டுப் போகிறவர்களை அவர் தலைமுறை அப்படித்தான் திட்டும். எங்கள் காதில் பழகிப்போன வசைதான். பெற்ற தகப்பன் வாயிலிருந்து அதை அவள் முதல் முறையாகக் கேட்டாள். நீட்டிய கையை மடக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

என் மகன் ஒஸ்மேலும் குரிசிபாவுக்குத்தான் போனான். அறை கிடைக்காமல் அலைந்தபோது, யாமிலாதான் தன் வீட்டின் பின்னறையைக் கொடுத்தாள். செய்தி தெரிந்ததும் அர்செனியோ சிறுபிள்ளை போல ஆகிவிட்டார். அந்த வீட்டுக்குள்ளிருந்து சோதிக்கச் சொல்லி, தன் சோதனைக் கட்டளையை எழுத்துக்கூட்டி அவனுக்கு அனுப்பிவைத்தார். வேண்டாம் அண்ணா, இதைச் சோதிக்காதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆசையைப் பார்த்தபோது வாய் வரவில்லை.

போன ஞாயிறு நான் அங்கே உட்கார்ந்து ஒஸ்மேலோடு பேசிக்கொண்டிருந்தேன். அர்செனியோ சலவைச் சட்டையில் என் பின்னால் நின்றார்.

"மாமா, நீங்க சொன்ன மாதிரியே இந்த வீட்டு இணையத்துலேருந்து போட்டுப் பாத்தேன். அத்தனையும் திரும்பி வந்துடுச்சு. ஒண்ணுகூடத் தொலையல. வழி சுத்தமா இருக்கு."

"நல்லாப் பாத்தியாடா? வாசல் எண் சரியாப் போட்டியா?"

"3478 தானே மாமா? மூணு தடவை போட்டேன்." ஒஸ்மேல் கொஞ்சம் தயங்கினான். "யாமிலா இங்கதான் காப்பி வடிச்சுக்கிட்டு இருக்கா. பேசுறீங்களா?"

அர்செனியோ சட்டைப் பொத்தானைத் தடவினார். அந்தப் பக்கம் கரண்டி ஒன்று கோப்பையில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல், அவசரமில்லாமல், கோபமும் இல்லாமல்:

"புழு வீட்ல இல்லைன்னு சொல்லிடு ஒஸ்மேல்."

இத்தனை தெளிவாக அந்த அறையில் யார் குரலும் கேட்டதில்லை. ஒஸ்மேல் ஏதோ சமாளிக்கப் பார்த்தான். நான் பிறகு பேசுகிறேன் என்று அழைப்பைத் துண்டித்தேன். அர்செனியோவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு மனிதருக்கு இருந்த ஒரே சாக்கையும் என் வீட்டுப் பிள்ளை பறித்துவிட்டானே.

"சத்தம் சரியாக் கேக்கல" என்றார்.

"ஆமாண்ணா. இரைச்சலா இருந்துச்சு."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கறுப்புத் திரையைத் திறந்தார். வழக்கமான வரியைக் கடகடவென்று அடித்தார். வாசல் எண் வந்ததும் விரல்கள் நின்றன. ஒவ்வொரு விசையாகத் தேடி, 3487 என்று அடித்தார். சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

காத்திருந்தோம். திரை வெகுநேரம் அப்படியே நின்றது. பதில் இல்லை என்ற வரி கடைசியில் வந்ததும், அதை நான் நன்றாகப் படிக்கும்படி கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார்.